பராசக்தி அம்மா சொல்லிவிட்டது

வான் வண்டி தார் வீதியை விட்டு இறங்கியதும் முன் சக்கரம் மணலுக்குள் புதைந்துகொண்டது. லெனாட் எஞ்சினை நிறுத்தாமலே ஆசனத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டான்.

“இனி நடை தான் அக்கா. நான் இதிலை நிக்கிறன்.”

“வாவன்ரா. நீயும் கேம்ப் கொமிற்றி தானே.”

“கொமிற்றிக்கு வெயில் ஒத்துவராது. நீங்கள் போய்ப் பாத்திட்டு வந்து வடிவெண்டு சொல்லுங்கோ. நானும் வடிவெண்டு கை தூக்குறன்.”

ஜொய்சி சிரித்துக்கொண்டு இறங்கினாள். மே மாதத்து உச்சி வெயில் தலையில் கை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. தம்பியைத் திட்டவும் மனம் வரவில்லை. பாவம், இரண்டு கிழமையாக அவளை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க அலைகிறான்.

எல்லாம் கேம்புக்கு இடம் தேடித்தான். பண்டத்தரிப்பில் அவர்களுடைய சபையின் வாலிபர் சங்கம் ஒவ்வொரு ஓகஸ்ட்டும் பிள்ளைகளுக்குக் கேம்ப் நடத்தும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரரின் பிள்ளைகளும் விடுமுறைக்கு வந்து அதில் சேர்ந்துகொள்வார்கள். வழக்கமான இடம் மிஷன் பள்ளிக்கூட மைதானம். நாலு பக்கமும் மதில், தண்ணீர்த் தாங்கி, கழிவறை, ஒரு வேப்பமரம். போன வருடம் படங்களைப் பெற்றோரின் தொலைபேசிக் குழுவில் போட்டபோது ரொறன்ரோவில் இருந்து ஒருவர் எழுதினார்: “பிள்ளையளைக் கேம்புக்கு அனுப்பினமோ, மறியலுக்கு அனுப்பினமோ?” மைதானத்தைச் சிறைச்சாலை ஆக்கியதற்கு எல்லாரும் சிரித்தார்கள். ஜொய்சியும் ஒரு சிரிப்பு முகம் போட்டாள். ஆனால் அது உள்ளே தைத்துவிட்டது. இந்த வருடம் அவள்தான் சங்கச் செயலாளர்.

காரைநகர்க் கடற்கரையில் சனம் அதிகம். வேலணைப் பக்கம் நிழல் இல்லை. மணற்காட்டு மணல்மேடுகள் படத்தில் அழகு, ஆனால் பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. கடைசியாக யாரோ சொன்னது இந்தக் கண்டல்முனை. தொண்டைமானாற்று நீரேரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாக்குப்போன்ற நிலம்.

தாழம்பற்றையைத் தாண்டியதும் ஜொய்சி நின்றுவிட்டாள்.

மூன்று பக்கமும் தண்ணீர். காற்றே இல்லாததால் நீரேரி வெள்ளித் தகடுபோல் கிடந்தது. அதன் நடுவே பூநாரைக் கூட்டம், ரோசாப் பூக்களைக் கொட்டிவிட்டதுபோல். கரையில் வெள்ளை மணல். மணலுக்கு மேலே வரிசையாகப் பனைகள், அவற்றின் அடியில் கூடாரம் போடுவதற்கென்றே நிரவி வைத்ததுபோல் ஒரு புல்வெளி. ரொறன்ரோக்காரரின் முகத்தில் இந்தப் படத்தை எறிய வேண்டும் என்று அவளுக்குக் கைகள் துடித்தன.

“ஆர் பிள்ளை அது? வெயிலுக்கை நிக்காதேங்கோ, இஞ்சாலை வாங்கோ.”

பனைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். அதன் வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா நின்றாள். நரைத்த தலை, நெற்றியில் திருநீறு, முழங்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. பெயர் பராசக்தி என்றாள். மகள் வவுனியாவில், இங்கே தான் தனி என்றாள். கேட்காமலே ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். தண்ணீர் அப்படிக் குளிர்ந்து, இனித்தது.

“இந்தச் சுத்துவட்டாரத்திலை எல்லாக் கிணறும் உவர் பிள்ளை. என்ரை ஒண்டு தான் நல்ல தண்ணி. என்னத்துக்கு இந்தப் பக்கம்?”

“ஓகஸ்ட்டிலை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து கேம்ப் போடலாமெண்டு இடம் பாக்கிறன் அம்மா.”

“பிள்ளையளோ?” அவள் முகம் மலர்ந்துபோனது. “வரட்டும், வரட்டும். தண்ணிக்கு நான் பொறுப்பு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “எனக்கும் ஒரு உதவி வேணும். விதானையாருக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. கிணத்துக் கட்டு கரைஞ்சு போச்சு. கால் வைக்கப் பயமாக் கிடக்கு. எனக்கு மூட்டு ஏலாது, றோட்டு வரைக்கும் நடக்க மாட்டன். போனும் பழுதாப் போச்சு.”

ஜொய்சி போய்ப் பார்த்தாள். கிணற்றின் நீரேரிப் பக்கத்துக் கட்டு இல்லவே இல்லை. சீமெந்துத் தளத்தின் விளிம்பு மட்டும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே இருந்த மண்ணை மழையோ உப்போ தின்றுவிட்டது. கயிறும் வாளியும் கப்பியும் அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும் அந்த அம்மா அந்த விளிம்பில்தான் நிற்க வேண்டும்.

“ஓம் அம்மா, கட்டாயம் சொல்லுறன்.”

“மறந்துபோகாதேங்கோ பிள்ளை.”

“இல்லை அம்மா.”

அந்த நேரத்தில் அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். வானில் ஏறி உட்காரும்வரை அப்படித்தான் இருந்தது.

“எப்பிடி?” என்றான் லெனாட். அவள் தொலைபேசியை நீட்டினாள். படங்களைப் பார்த்து அவன் விசிலடித்தான். “அக்கா, இது சொர்க்கம். போதகர் வேண்டாமெண்டு சொன்னால் நான் சபை மாறுறன்.”

போதகர் நேசையா வேண்டாம் என்றுதான் சொல்வார். கிணறு என்ற சொல் காதில் விழுந்தாலே போதும், மீண்டும் மதிலும் வேப்பமரமும். கிராம அலுவலரான விதானையார் கட்டைப் பார்க்க வந்தாலும் அதே கதைதான். பிள்ளைகள் தங்குவதற்கு அனுமதி தரமாட்டார். அனுமதிக் கடிதம் கைக்கு வரட்டும், பிறகு சொல்லலாம். சில நாட்கள்தானே.

வீடு வந்து சேரும் முன்பே அவள் படங்களின் ஓரத்தை வெட்டிவிட்டாள். கிணறு இருந்த ஓரத்தை.

விண்ணப்பம் அனுப்பிய இரண்டாம் நாள் விதானையார் செல்வநாயகம் அவரே தொலைபேசியில் எடுத்தார்.

“தங்கச்சி, உங்கடை கேம்ப் விண்ணப்பம் பாத்தன். இடம் போய்ப் பாத்தனீங்களோ? ஆபத்தா ஏதும் கிடக்கே?”

“ஒண்டுமில்லை விதானையார்.”

“அங்கை ஒரு அம்மா இருக்கிறா, பராசக்தி எண்டு. கண்டனீங்களோ? எனக்கு ஏதும் சொல்லிவிட்டவவோ?”

ஒரு மூச்சு இழுக்கும் நேரம். அவ்வளவுதான்.

“இல்லை. ஒண்டும் சொல்லேல்லை.”

அவள் மறந்துவிட்டாள் என்று சொன்னால் அது அவளுக்குக் காட்டும் சலுகை. அவள் மறக்கவில்லை. அனுமதி வந்தது, அன்றைக்கே எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒண்டும் சொல்லேல்லை என்று சொன்ன வாயால் இப்போது எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். கூடாரங்களுக்குப் பேசியாகிவிட்டது. பிள்ளைகளின் பெற்றோர் பயணச்சீட்டு எடுத்துவிட்டார்கள். குழுவில் அந்தப் படத்துக்குக் கீழே இதயங்கள் குவிந்தன.

யூன் மாதக் கடைசியில் விதானையார் மறுபடி எடுத்தார்.

“தங்கச்சி, ஒரு கவலையான சங்கதி. அந்த அம்மா கிணத்துக்கை விழுந்து போனா. மீன்பிடிக்கப் போனவங்கள் தான் கண்டது. கனநாளாச்சுப்போலை.” அவர் தொண்டையைச் செருமினார். “கட்டு முழுக்கக் கரைஞ்சு கிடந்திருக்கு. ஆரிட்டையெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லிவிட்டிருந்தால் நான் அண்டைக்கே மேசனை அனுப்பியிருப்பன். உங்களிட்டை ஒண்டும் சொல்லேல்லைத் தானே?”

ஜொய்சி சமையலறையில் நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

“இல்லை,” என்றாள்.

“ம். பிரேதம் எடுத்த கிணறெண்டு மோட்டர் போட்டு இறைச்சுவிட்டனாங்கள். இறைச்ச பிறகு உவர் ஏறிப்போச்சு. இனி அது குடிக்க உதவாது. மேலை பலகை அடிச்சு மூடிக் கிடக்கு, பிள்ளையளுக்குப் பயமில்லை. தண்ணிக்குப் பவுசர் வண்டி ஒழுங்குபண்ணுங்கோ.”

கொமிற்றியில் போதகர் நேசையா தயங்கினார். பிறகு, முதல் நாளே அந்த அம்மாவுக்காக ஒரு ஜெபம் செய்து தொடங்குவோம் என்றார். “ஜொய்சி, நீர் என்ன சொல்லுறீர்?” என்று அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் ஏன் வேண்டாம் என்று அடுத்த கேள்வி வரும்.

“நீங்கள் சொல்லுறது சரி ஐயா,” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது.

அவர்கள் வீட்டுக் கிணற்றில் மோட்டர் பூட்டி எத்தனையோ வருடம். கப்பி என்று ஒன்று அந்த வளவிலேயே இல்லை. ஆனாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வெயில் உச்சத்தில் நிற்கையில், எங்கேயோ ஒரு கப்பி கிறீச்சிடும். கயிறு இறங்கும். நீண்ட நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு மிக மெதுவாக, மூட்டு ஏலாத ஒருவர் இழுப்பதுபோல், விட்டுவிட்டு ஏறும்.

வாளி மேலே வந்து சேரும் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை.

“லெனாட், உனக்கு ஏதும் கேக்குதோ?”

“கேக்குது. உங்கடை வயிறு. சாப்பிடுங்கோ அக்கா, சோத்தைப் பிசைஞ்சுகொண்டே இருக்கிறியள்.”

யூலை முடிவில் கூடாரம் அடிக்கும் இடங்களைக் குறிக்க இருவரும் கண்டல்முனைக்குப் போனார்கள். லெனாட் புல்வெளியில் குச்சி அறைந்துகொண்டிருந்தான். தகரக் கொட்டில் பூட்டிக் கிடந்தது. மகள் வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று கேள்வி. பூநாரைகள் ஒன்றும் இல்லை. வெயில் கொதித்தது. சேற்று மணம் மூக்கை அடைத்தது.

ஜொய்சியின் கால்கள் அவளைக் கேட்காமலே கிணற்றடிக்குப் போயின.

பலகைகள் புதிதாக, இறுக்கமாக அறையப்பட்டிருந்தன. நடுப் பலகையில் ஒரு செம்பு இருந்தது.

நிறையத் தண்ணீர்.

செம்பின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. இந்த வெயிலில், இப்போதுதான் அள்ளி வைத்ததுபோல் துளிகள் உருண்டு பலகையில் விழுந்துகொண்டிருந்தன.

அவள் திரும்பினாள். லெனாட் தூரத்தில் குனிந்திருந்தான். மணலில் அவளுடைய காலடி மட்டுமே இருந்தது.

காதுக்கு மிக அருகில், மரியாதையாக, தயங்கித் தயங்கி ஒரு குரல் கேட்டது.

“சொன்னனீங்களோ பிள்ளை?”

அதில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கோபித்திருந்தால் அவள் பயந்திருப்பாள், அவ்வளவுதான். அந்தக் குரல் இன்னும் அவளை நம்பிக்கொண்டிருந்தது.

“என்னக்கா, பேயைக் கண்டமாதிரி ஓடி வாறியள்?” என்று லெனாட் கேட்டான்.

“வெயில்,” என்றாள் ஜொய்சி.

ஓகஸ்ட் வந்தது. வானும் பஸ்ஸும் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். தாழம்பற்றையைத் தாண்டியதும் எல்லாரும் ஒரே குரலில் கூவினார்கள். தொலைபேசிகள் மேலே எழுந்தன. போதகர் நேசையா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, “வடிவான இடம் ஜொய்சி. மெய்யாத் தான் சொல்லுறன், வடிவு,” என்றார். அவள் கேட்க விரும்பிய சொல் அது. இப்போது அதைக் காதில் வாங்காமல் பைக்குள் கையை விட்டாள்.

அவள் ஒரு கயிறு கொண்டுவந்திருந்தாள். கிணற்றடியைச் சுற்றிப் பனைக்குப் பனை அதைக் கட்டினாள். அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று சொன்னாள். ஏன் என்று கேட்டவள் றெபேக்கா, ரொறன்ரோவில் பிறந்த ஒன்பது வயதுக்காரி. சென்ற வருடம் மறியல் என்று பகிடி எழுதியவரின் மகள்.

“ஆன்ரி, அங்க வாட் இருக்கு?” என்றாள். அவளுடைய தமிழ் அவ்வளவுதான். ழகரம் வாயில் நுழையாது, பாதிச் சொல் ஆங்கிலம்.

“ஒண்டுமில்லையம்மா,” என்றாள் ஜொய்சி. சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே உறைத்தது.

காலை முழுக்கக் கூடாரம் அடிப்பதிலும் விளையாட்டிலும் போனது. வெயில் ஏறியது. பவுசர்க் குழாயடியில் லெனாட் கோப்பைகளை அடுக்கி வைத்துக் காத்துக்கொண்டிருந்தான். ஒருவரும் வரவில்லை.

“அக்கா, இதுகள் என்ன ஒட்டகங்களோ? ஒரு பிள்ளையும் தண்ணி கேக்குதில்லை.”

ஜொய்சி அருகில் ஓடிக்கொண்டிருந்த நிருஷனைப் பிடித்து நிறுத்தினாள். லண்டன் பையன், முகம் சிவந்து வியர்வை வழிந்தது.

“தண்ணி குடிச்சனீரோ?”

“யெஸ். ஸ்வீற் வோட்டர்.”

“எங்கை?”

அவன் கயிறு கட்டிய பக்கத்தைக் கை காட்டிவிட்டு ஓடிப்போனான்.

அவள் அங்கே பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தெரியும். கழுத்து திரும்பவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன் பனை நிழலில் எல்லாரையும் வட்டமாக இருத்தினார்கள். போதகர் ஜெபம் செய்தார். பராசக்தி அம்மாவின் பெயரைச் சொல்லி, அவவின் ஆத்துமா இளைப்பாறட்டும் என்றார். பிறகு உற்சாகமாகக் கை தட்டி, “சரி, இந்த இடத்திலை என்ன பிடிச்சதெண்டு ஒவ்வொருத்தரா எழும்பிச் சொல்லுங்கோ பாப்பம். றெபேக்கா, நீர் தொடங்கும்,” என்றார்.

றெபேக்கா எழுந்தாள். கைகளை முன்னால் கோத்துக்கொண்டாள். அவள் உதடுகள் ஈரமாக இருந்தன.

“விதானையாருக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ,” என்றாள். “கிணத்துக் கட்டு கரைஞ்சு போச்சு. கால் வைக்கப் பயமாக் கிடக்கு.”

தடங்கல் இல்லாத தமிழ். வடமராட்சிக் கிழவியின் இழுவை, ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

யாரோ சிரித்தார்கள். றெபேக்கா இருந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த நிருஷன் எழுந்தான்.

“விதானையாருக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. கிணத்துக் கட்டு கரைஞ்சு போச்சு. கால் வைக்கப் பயமாக் கிடக்கு.”

அடுத்த பிள்ளை.

அதற்கு அடுத்தது.

வட்டம் சுற்றி வந்தது. ஒவ்வொரு குரலும் வேறு, சொல் ஒன்று, இழுவை ஒன்று. தமிழே தெரியாத பிள்ளைகளும் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் தலையைத் திருப்பி ஜொய்சியைப் பார்த்தார்கள்.

போதகர் நேசையா முதலில் திகைத்தார். பிறகு முகம் தெளிந்தது.

“ஓகோ. ஜொய்சி, இது நீர் பழக்கின நாடகமே? நல்லாத் தான் பழக்கியிருக்கிறீர்.”

வழி திறந்தது. தலையை ஆட்டினால் போதும்.

“ஓம் ஐயா,” என்றாள் ஜொய்சி.

பனையோலைகளின் சலசலப்பு நின்றது.

கப்பி கிறீச்சிட்டது.

இம்முறை எல்லாருக்கும் கேட்டது. போதகர் தலையைத் திருப்பினார். லெனாட் கையில் இருந்த சோற்று அகப்பையை மெல்லக் கீழே வைத்தான். கயிறு கட்டிய பனைகளுக்கு அப்பால் பலகைகள் இல்லை. கிணறு வாய் திறந்து கிடந்தது. கரைந்த பக்கத்து விளிம்புக்கு மேலே கயிறு தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

றெபேக்கா எழுந்து நடந்தாள்.

ஓடவில்லை. முழங்கால் நோகிறவள்போல் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழே குனிந்து அப்பால் போனாள். விளிம்பில் போய் நின்று, கப்பிக் கயிற்றை எட்டிப் பிடித்தாள். தொங்கிக்கொண்டிருந்த சீமெந்து அவளுடைய பாதத்துக்குக் கீழே நெரிந்தது. ஒரு பிடி மண் உதிர்ந்தது. அது தண்ணீரில் விழும் சத்தம் வரக் கனநேரம் எடுத்தது.

ஜொய்சி ஓடினாள். ஓடிக்கொண்டே கத்தினாள். பிள்ளையை அவள் அழைக்கவில்லை. கிணற்றைப் பார்த்துக் கத்தினாள்.

“சொல்லேல்லை. நான் சொல்லேல்லை அம்மா. நீங்கள் என்னட்டைச் சொன்னனீங்கள். விதானையார் கேட்டவர், நான் இல்லையெண்டு சொன்னனான். இந்த இடம் கிடையாமல் போயிடும் எண்டு தான் சொல்லாமல் விட்டனான். பிள்ளையை விடுங்கோ அம்மா.”

கயிறு நின்றது.

றெபேக்காவின் கை தளர்ந்தது. அதற்குள் பின்னால் ஓடிவந்த லெனாட் மணலில் நெஞ்சடிக்க விழுந்து அவளுடைய இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டான். அடுத்த கணம் அவள் நின்ற சீமெந்து உடைந்து உள்ளே போனது.

“ஆன்ரி,” என்றாள் றெபேக்கா, கண்ணைக் கசக்கிக்கொண்டு. “ஐ ஆம் தேர்ஸ்ரி.”

எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் கேட்டு அழத் தொடங்கினார்கள்.

வெயில் சாயும் முன்பே கூடாரங்களைக் கழற்றி மிஷன் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். மதிலுக்குள் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள், நடந்தது ஒன்றும் அவர்களுக்கு நினைவில் இல்லை. போதகர் ஜொய்சியிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. “விதானையாரிட்டைப் போய்ச் சொல்லும்,” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலையிலேயே அவள் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். வெட்டிய படத்தைக்கூடச் சொன்னாள். செல்வநாயகம் மேசையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போடுவார், மகளுக்கு அறிவிப்பார், ஊரைக் கூட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அப்படி ஏதாவது நடக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

“சரி தங்கச்சி,” என்றார் கடைசியில். “இனி என்ன செய்யிறது? நான் அந்தக் கிணத்தை மண் போட்டு மூடுவிக்கிறன்.”

“மகளிட்டை நான் போய்ச் சொல்லட்டோ?”

“அவ இப்ப தான் கொஞ்சம் ஆறியிருக்கிறா. விடுங்கோ. சொல்லி என்ன வரப்போகுது?”

அவள் பாரத்தை இறக்கி வைக்கப் போனாள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வேலை முடிந்ததும் தனக்கு ஒருக்கா அறிவிக்கச் சொல்லி இலக்கத்தையும் விலாசத்தையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

கேம்ப் முடிந்தது. பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். மதிய நேரத்தில் கப்பிச் சத்தம் வரவில்லை. ஒருநாள், இரண்டு நாள், ஒரு கிழமை. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிராமல் சாப்பிடத் தொடங்கினாள். சொல்லியாகிவிட்டது, பிந்தித்தான், ஆனாலும் சொல்லியாகிவிட்டது. அதுதானே அந்த அம்மா கேட்டது.

மாதக் கடைசியில் ஒரு பின்னேரம். லெனாட் முன் விறாந்தையில் வானின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜொய்சி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

“தங்கச்சி, நான் யாகோப்பு. ட்ரக்ரர்க்காரன். விதானையார் சொன்ன வேலை முடிஞ்சுது. மட்டமா நிரவிப்போட்டன், கிணறு இருந்த தடமே தெரியாது.”

“நன்றி அண்ணை.” அவள் கண்களை மூடி மூச்சு விட்டாள்.

“எனக்கெண்டால் களைப்பே தெரியேல்லை. அங்கை இருக்கிற அம்மா நல்ல மனுசி. பகல் முழுக்க என்னோடை கதைச்சுக்கொண்டிருந்தவ. உங்களைப் பற்றியும் கதைச்சவ.”

தேத்தண்ணிக் கோப்பை நிரம்பி வழிந்து அவள் விரலைச் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

“என்ன கதைச்சவ?”

“கடைசி மண் கொட்டேக்கை தான் பாவம் கண் கலங்கினவ. இனித் தான் எங்கை போய் இருக்கிறதெண்டு கேட்டவ. பிறகு உங்கடை வீடு எங்கையெண்டு கேட்டவ. தனக்கு ஆக்களெண்டு இருக்கிறது அந்தப் பிள்ளை தானாம். மூட்டு ஏலாத மனுசி, எப்பிடி விட்டிட்டு வாறது? ட்ரக்ரரிலை ஏத்திக்கொண்டு வந்து இப்ப தான் உங்கடை ஒழுங்கை முடக்கிலை இறக்கிவிட்டனான். வந்து சேந்திட்டாவோ எண்டு கேக்கத் தான் எடுத்தன்.”

முன்பக்கம் லெனாட்டின் குரல் கேட்டது. அவன் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பிறகு குசினியைப் பார்த்துக் கூப்பிட்டான்.

“அக்கா, உங்களைத் தேடி ஒரு அம்மா வந்திருக்கிறா. உள்ளை வந்து இருக்கச் சொல்லிப்போட்டன்.”

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

லெனாட் பிரம்புக் கதிரைக்கு முன்னால் குனிந்து, முதுகுக்கு ஒரு தலையணையைச் செருகிக்கொண்டிருந்தான்.

“வசதியா காலை நீட்டி இருங்கோ அம்மா. அவசரமில்லை. அக்கா வந்திட்டா, நீங்கள் ஆறுதலாக் கதையுங்கோ.”

கதிரையில் ஒருவரும் இல்லை.

தலையணை மட்டும் மெதுவாக அமுங்கியது.